தைலவர்ணமும் பெண்ணுருவும்: ரவிவர்மா, அமிர்தா ஷேர்கில் ஆகியோரின் ஓவியங்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

தமிழிலே இலக்கியத் திறனாய்வு அடைந்துள்ள வளர்ச்சியோடு ஒப்பிடுமிடத்து, ஓவியத் திறனாய்வு இன்னும் தவழும் பருவத்திலேயே உள்ளது எனல் மிகையாகாது. ஓவியம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிற் பல, ஓவியத்தைச் சிறுகதையைப் போலவே வாசிக்கின்றன. படத்தில் இருப்பவர் யார், அவர் என்ன செய்கிறார், அவர் முகத்திலே தோன்றும் உணர்ச்சி யாது என்பனவற்றைச் சொல்லி முடித்ததும், ஓவியம் பற்றிச் சொல்ல வேண்டியன யாவும் சொல்லப்பட்டுவிட்டனவாகக் கருதப்படுகின்றது. கவிதையை ஆராயப் புகுந்த ஒருவர் சொல்லையும் ஓசையையும் விட்டுக் கருத்தை மட்டும் எடுத்துரைப்பாராயின் அதனைத் திறனாய்வென எவரும் ஏற்கமாட்டார். ஓவியத்தைப் பொறுத்தவரை அத்தகைய கண்டிப்பு எதுவும் நம்மிடையே இல்லை. நிறம் எவ்வாறு பூசப்பட்டுள்ளது, ஏன் அவ்வாறு பூசப்பட்டுள்ளது, அப்பூச்சினால் படத்திலுள்ள மனிதருக்கு என்ன நேர்ந்துள்ளது என்னும் வினாக்கள் தொழிலாளியின் பட்டறை இரகசியங்கள் போல ஒதுக்கப்பட்டுவிடுகின்றன.

ரவிவர்மா (1848–1906), அமிர்தா ஷேர்கில் (1913–1941) ஆகிய இருவர் பற்றியும் வழங்கிவரும் தீர்ப்புகள் இக்குறையின் விளைவுகளே. முன்னவர் ஐரோப்பியப் பாணியைப் பிரதி செய்தவர், பின்னவர் அப்பாணியைக் கற்றுப் பின் துறந்து இந்தியத் தன்மையைக் கண்டடைந்தவர் என்பது ஒரு தீர்ப்பு. முன்னவர் பொதுமக்களின் ஓவியர், பின்னவர் பாரிஸிற் பயின்ற மேட்டுக்குடிப் பெண் என்பது அதற்கு நேரெதிரான மற்றொரு தீர்ப்பு. முதலாவது தீர்ப்புக்கு வித்திட்டோருள் ஒருவர் இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ரவிவர்மாவின் புராணச் சித்திரங்களில் நாடக மேடைத்தன்மை மிகுந்தும் கற்பனை குன்றியும் உள்ளன என்ற கருத்துப்பட 1907இல் அவர் எழுதினார். சுதேசிய இயக்கம் வேகங்கொண்டிருந்த அக்காலத்தில் இக்கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. ஆயின் அக்கண்டனத்தை இன்றுவரை அப்படியே ஒப்புவித்துக் கொண்டிருப்பதுதான் வியப்புக்குரியது.

இவ்விரு தீர்ப்புகளும் ஓர் எளிய உண்மையைக் காணத் தவறுகின்றன. இருவரது கையிலும் இருந்த ஊடகம் ஒன்றே. ஐரோப்பாவிற் பிறந்த தைலவர்ணத்தையே ரவிவர்மா இறுதிவரை கையாண்டார். ஷேர்கிலும் அதனையே இறுதிவரை கையாண்டார். வங்காளத்து ஓவியர்கள் தைலவர்ணத்தை அந்நியமானதென விலக்கி நீர்வர்ணத்துக்குத் திரும்பியபோதும், ஷேர்கில் அவ்வழியை ஏற்கவில்லை. எனவே அந்நியப் பொருளை ஏற்றவர், மறுத்தவர் என்று இவர்களைப் பிரித்தல் பொருந்தாது. ஒரே பொருளைக் கொண்டு ஒவ்வொருவரும் பெண்ணை என்னவாக ஆக்கினர் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தைலவர்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயிற் குழைத்துப் பெறுவது. நீர்வர்ணம் நீர் ஆவியாவதால் உலரும். எண்ணெயோ காற்றோடு கலந்து மெல்ல மெல்ல இறுகுவதால் உலரும். அதற்கு நாட்கள் பல செல்லும். இம்மந்தமே அதன் வலிமை. ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை மற்றொன்றோடு குழைத்து, ஒளி எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று காணமுடியாதவாறு இழைத்துவிடலாம். காய்ந்தபின் அதன்மீது கண்ணாடி போன்ற மென்பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்றி, அடியிலிருந்து ஒளி கசிவது போன்ற தோற்றத்தை உண்டாக்கலாம். வேண்டுமாயின் நிறத்தைக் குழம்பாகவே அள்ளி அப்பி, தூரிகையின் மயிர்த்தடம் தெரியும்படி விட்டுவிடவும் செய்யலாம். தோல், பட்டு, உலோகம், கண்ணாடி, பழம் என்பனவற்றின் மேற்பரப்பை இவ்வளவு நெருக்கமாகப் பாவனை செய்யவல்ல ஊடகம் அதற்கு முன்னர் இருந்ததில்லை. ஏறத்தாழ 1500 முதல் 1900 வரையான ஐரோப்பியத் தைலவர்ண மரபு, கையால் தொட்டுப் பார்க்கக்கூடியனவும் பணங்கொடுத்து உடைமையாக்கத் தக்கனவுமான பொருட்களைக் கொண்டாடும் மரபு என்று ஜோன் பேர்ஜர் 1972இல் வாதிட்டார். அவ்வாதம் முழு மரபுக்கும் பொருந்துமா என்பது வேறு விடயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய சமஸ்தானங்களின் அரண்மனைகளுக்கு அவ்வூடகம் வந்து சேர்ந்த வரலாற்றை விளங்கிக்கொள்ள அது பெரிதும் துணைபுரிகின்றது.

கிளிமானூரிற் பிறந்த ரவிவர்மா இளமையிலேயே திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். முறையான ஓவியக் கல்லூரி எதிலும் அவர் பயிலவில்லை. அரண்மனை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கர் தைலவர்ண நுட்பத்தை அவருக்குக் கற்பிக்க மனங்கொள்ளவில்லை என்றும், 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தாம் வேலை செய்வதைப் பார்த்திருக்க மட்டும் இடமளித்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறு கூறுவோர் எழுதுவர். ஆகவே பார்த்தும் கெடுத்தும் திருத்தியும் தாமே கற்றுக்கொண்ட கைவண்ணம் அவருடையது. இதனைச் சிறுமைப்படுத்தும் நோக்குடன் அவரைப் 'பிரதிபண்ணி' என்பவர்கள், ஏகலைவனுக்கு இரங்கும் மரபிலே வந்தவர்கள் என்பதை மறந்துவிடுகின்றனர்.

1873இல் அவர் தீட்டிய, கூந்தலில் மலர் சூடும் நாயர் மாதின் படம் சென்னைக் கண்காட்சியிலும் அவ்வாண்டே வியன்னாவிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டில் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தீட்டினார். இவ்விரண்டிலும் பிற்கால ரவிவர்மாவின் முறை முழுவதும் உண்டு. கபில நிறத்தில் ஆழ்ந்து மங்கும் பின்புலம், ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளி, தூரிகைத் தடம் தெரியாதவாறு இழைக்கப்பட்ட மேனி, அதன்மேல் துல்லியமாகத் தெறிக்கும் நகைகளின் மினுக்கம் என்பன அவை.

நகைகளின் மினுக்கம் சற்று நின்று நோக்கத்தக்கது. ரவிவர்மாவுக்கு முன்னர் தென்னாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்த தஞ்சாவூர் ஓவியத்திலே பொன் பொன்னாகவே இருந்தது. சுண்ணக் கலவையால் மேடாக்கப்பட்ட இடத்திற் பொற்றகடு ஒட்டப்பட்டது. மணிகள் இருக்குமிடத்திற் கற்களோ கண்ணாடித் துண்டுகளோ பதிக்கப்பட்டன. அங்கே நகை என்பது தெய்வத்துக்கு அளிக்கப்பட்ட காணிக்கை. ரவிவர்மாவின் படத்திலே துளிப் பொன்னும் இல்லை. மஞ்சளும் கபிலமும் அவற்றின்மேல் இடப்பட்ட ஒரு வெள்ளைப் புள்ளியுமே அங்கு பொன்னாகின்றன. பொன்னின்றியே பொன்னைக் காட்டும் இவ்வித்தை அவரது காலத்து மன்னர்களையும் திவான்களையும் வழக்கறிஞர்களையும் மயக்கியதில் வியப்பில்லை. தெய்வத்தின் மேலிருந்த பொன், இப்போது வீட்டுப் பெண்ணின் கழுத்துக்கு இறங்கி வந்தது. அதே வேளையில் அது காணிக்கை என்ற நிலையிலிருந்து நீங்கிச் சொத்து என்ற நிலையை அடைந்தது. ரவிவர்மாவின் பெண்கள் பலரிடத்திலும் சரிகையும் மேனியும் ஒரே அக்கறையுடன், ஒரே மென்மையுடன் தீட்டப்பட்டிருப்பதை நோக்குபவர்கள், இவ்விரண்டும் ஒரே வரிசையிற் சேர்க்கப்பட்ட உடைமைகள் என்ற எண்ணத்தைத் தவிர்ப்பது கடினம்.

1889இல் மைசூர் அரண்மனைக்காகத் தீட்டப்பட்ட இசைவாணியர் குழு ஓவியம் இதற்கு நல்லதொரு சான்று. பல்வேறு பிரதேசங்களையும் சமூகங்களையும் சேர்ந்த பதினொரு பெண்கள் தத்தம் உடையிலும் தத்தம் கருவிகளோடும் ஒரு மண்டபத்திற் கூடியுள்ளனர். ஒருவரை ஒருவர் பார்ப்பவர் அரிது. இசைக்குழுவென்று சொல்லப்பட்டாலும் அவர்கள் கூடி ஒரு பாட்டை இசைப்பதாகவும் தோன்றவில்லை. துணி வகைகளின் வேறுபாட்டைக் காட்டுவதிலே ஓவியர் கொண்ட இன்பம் மட்டும் எங்கும் பரவிக் கிடக்கின்றது. இந்தியாவின் ஒருமையைக் காட்டும் தேசிய ஓவியம் இதுவென்று கூறுவாருமுளர். கூறலாம். ஆனால் அவ்வொருமை புடவைக் கடைக் கண்ணாடிப் பெட்டியின் ஒருமையோடு நெருங்கிய உறவுடையது.

இவ்வளவோடு ரவிவர்மாவைப் பற்றிய தீர்ப்பை எழுதி முடிப்பின் அது குமாரசுவாமியின் கண்டனத்தை வேறு சொற்களிற் கூறுவதாகவே முடியும். 1893இல் அவர் தீட்டிய 'இதோ அப்பா வருகிறார்' என்ற படம் அவ்வாறு எளிதாக அடங்குவதன்று. அதில் நிற்பவர் அவருடைய மகள் மகாபிரபா. இடையிற் குழந்தை. காலடியில் நாய். படத்துக்கு வெளியே, வருகின்ற தந்தையை நோக்கித் தாயின் பார்வை செல்கிறது. மகாபிரபாவின் உடை வெண்மையானது. சரிகைக்கரை உண்டெனினும் அது ஆரவாரிக்கவில்லை. நகைகளிலிருந்து தூரிகை விலகி, குழந்தையின் சுமையால் ஒருபுறம் சாய்ந்த இடையிலும், வெண்துணியின் மடிப்புகளிலே தேங்கும் நீலச் சாம்பல் நிழலிலும் தங்குகின்றது. அறிந்த ஒருத்தியைத் தீட்டுகையில் அவருடைய தைலவர்ணம் விலை பேசுவதை நிறுத்திவிடுகின்றது எனலாம்.

எனினும் படத்தின் கருப்பொருள் அமைதியானதொன்றன்று. மருமக்கள்தாய முறை நிலவிய மலையாள நாட்டிலே தறவாட்டில் தந்தைக்கு உரிய இடம் அற்பமானது. பிள்ளைகள் தாய்வழிக் குடும்பத்துக்கே உரியவர்கள். அம்முறைமையைச் சட்டத்தால் மாற்ற வேண்டும் என்ற விவாதம் அவ்வேளையில் உச்சநிலையில் இருந்தது. 1896இல் மலபார் திருமணச் சட்டம் நிறைவேறியது. அத்தகைய காலத்திலே, படத்திற் காணப்படாத தந்தையை அதன் தலைப்பிலும் தாயின் கண்களிலும் நிறுவிய இவ்வோவியம், ஆங்கிலேய மத்தியதர வர்க்கத்தின் சிறுகுடும்ப இலட்சியத்தை நாயர் உடையில் நிறுத்துகின்றது. இப்படமும் சேர்ந்த பத்து ஓவியங்கள் 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டன. தாய்வழி உரிமையால் வாழ்ந்த ஒருத்தி, கணவன் வரவுக்காக வாயிலில் நிற்பவளாக உலகின் முன் வைக்கப்பட்டாள். (அதே மகாபிரபாவின் மகள் சேதுலட்சுமிபாய் தாய்வழித் தத்துரிமையால் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குச் சென்று, 1924 முதல் 1931 வரை அந்நாட்டை ஆண்டார் என்பது வரலாற்றின் குறும்பு.) தூரிகை மகளின் பக்கம் நிற்கின்றது, தலைப்பு தந்தையின் பக்கம் நிற்கின்றது. இம்முரண்பாட்டினாலேயே இப்படம் ரவிவர்மாவின் பெண்ணுருவங்களுள் தலைசிறந்ததாகின்றது.

1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுவிட்டது. இங்கு வேண்டப்படுவது ஒன்றே. அங்கு அச்சிடப்பட்ட 'ஒலியோகிராப்' படங்கள், பெயருக்கேற்பத் தைலவர்ணத்தைப் பாவனை செய்தவை. கல்லச்சு பல நிறங்களை அடுத்தடுத்து ஏற்றவல்லது. ஆனால் மென்பூச்சுகளின் ஆழத்தை அது அறியாது. ஆகவே இலக்குமியாகவும் சரஸ்வதியாகவும் தமிழர் இல்லங்களின் சுவாமியறைகளுக்கு வந்து சேர்ந்தவள், ரவிவர்மாவின் தூரிகை கண்ட பெண் அல்லள். அவளுடைய மேற்றோல் மட்டுமே. பின்னர் வந்த நாட்காட்டி ஓவியர்களின் குற்றங்களையெல்லாம் ரவிவர்மாவின் தலையிற் சுமத்துவோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் நன்று.

ரவிவர்மா மறைந்து ஆறாண்டுகள் கழிந்தபின் புடாபெஸ்ற் நகரிற் பிறந்தவர் அமிர்தா ஷேர்கில். தந்தை சீக்கியப் பிரபு, தாய் ஹங்கேரியர். பதினாறு வயதிற் பாரிஸ் சென்று, அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோனிடம் பயின்றார். ரவிவர்மா ஒளிந்திருந்து கற்ற வித்தையை, ஷேர்கில் அதன் பிறப்பிடத்திலேயே, உயிருள்ள மாதிரிகளை முன்னிறுத்திக் கற்றார். ஒருவருக்குத் தைலவர்ணம் அரிதின் முயன்று பெற்ற அதிசயம். மற்றவருக்கோ அது நாளாந்தப் பாடம். அதிசயத்தை எறிந்துவிட எவருக்கும் மனம் வராது. பாடத்தை மறக்கத் துணிவதற்கு அதனை முழுதும் கற்றிருத்தல் போதுமானது.

பாரிஸிற் தீட்டிய படங்களில் 1932ஆம் ஆண்டின் 'இளம்பெண்கள்' அவருக்குப் பெரும் அங்கீகாரத்தைப் பெற்றுத் தந்தது. ஆயினும் இக்கட்டுரைப் பொருளுக்கு 1933இல் தீட்டப்பட்ட தொழில்முறை மாதிரிப் பெண்ணின் படமே முதன்மையானது. ஓவியக் கூடங்களில் நிர்வாணமாக அமர்ந்து கூலி பெறும் பெண்ணொருத்தி அவள். மார்பு தளர்ந்து, தோள் குறுகி, நோயும் களைப்பும் தெரியும் உடல். தடித்த பூச்சு. தசையில் உள்ள சாம்பலும் பச்சையும் இழைக்கப்படாமல் அருகருகே விடப்பட்டுள்ளன. எண்ணெயின் வழவழப்பினால் தோலை வழவழப்பாக்குதல் என்ற நானூறாண்டு வழக்கத்தை இருபது வயதுப் பெண்ணொருத்தி இங்கு மீறுகின்றார். ஐரோப்பிய ஓவியத்தில் நிர்வாணப் பெண் பெரும்பாலும் தெய்வமாகவோ காமப் பொருளாகவோ இருந்தாள். ஷேர்கிலின் படத்திலே அவள் ஒரு தொழிலாளி.

1934ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டில் தீட்டப்பட்டு 1937இல் பம்பாய் ஓவியச் சங்கத்தின் பொற்பதக்கம் பெற்ற 'மூன்று பெண்கள்' எவரும் அறிந்தது. மூவர் அமர்ந்துள்ளனர். அவர்கள் எங்கே இருக்கின்றனர் என்பதற்குப் பின்புலம் விடை தருவதில்லை. கண்கள் தாழ்ந்துள்ளன அல்லது விலகியுள்ளன. கண்ணை ஈர்க்கும் அணிகலன் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆடையின் சிவப்பும் பச்சையும் அகன்ற தளங்களாகப் பரவியுள்ளன. மடிப்புகள் மிகச் சில. அத்துணி பட்டா பருத்தியா என்று கேட்டால் ஓவியம் பதிலிறுக்காது. ரவிவர்மாவின் படத்தில் ஒவ்வொரு துணிக்கும் விலை சொல்லிவிடலாம். இங்கே துணி நிறமாகிவிட்டது, நிறம் மனநிலையாகிவிட்டது. கோகனிடமிருந்தும் செசானிடமிருந்தும் கற்றது இதற்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயின் கடன் வாங்கிய இடத்தைக் காட்டுவதனால் வாங்கியவரின் நோக்கம் விளங்கிவிடாது. மேற்பரப்பை விற்பதற்கெனப் பழகிய ஊடகத்தின் வாயை அடைக்க அவர் விரும்பினார் என்பதே பொருத்தமான விளக்கம்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. ரவிவர்மாவின் மகாபிரபாவுக்குப் பெயர் உண்டு, காத்திருக்க ஒருவர் உண்டு, நோக்கும் திசை உண்டு. ஷேர்கிலின் மலைநாட்டுப் பெண்களுக்கும் சந்தைக்குச் செல்லும் பெண்களுக்கும் துயரம் மட்டுமே உண்டு. அத்துயரம் எதனால் விளைந்தது என்று படம் சொல்வதில்லை. வறுமையைக் கண்ணியத்தோடு தீட்டினார் என்று போற்றப்படும் இப்படங்களிலே வறியோர் சிலைகள் போல நிற்கின்றனர். வேலை செய்யும் கை, ஏசும் வாய், சிரிக்கும் பல் எதுவும் இல்லை. சிம்லா மலையிற் பல்லக்குச் சுமப்போரையும் கூலிகளையும் மாளிகை வாயிலிலிருந்து கண்ட ஒருவரின் இரக்கம் இது. இரக்கம் பொய்யன்று, ஆனால் அது தூரத்து இரக்கம். தைலவர்ணத்தின் மினுக்கத்தைத் துறந்ததனால் மட்டும் வர்க்கத் தூரம் குறைந்துவிடுவதில்லை.

1936ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் மேற்கொண்ட தென்னிந்தியப் பயணம் அவரது கலையில் ஒரு திருப்பம். அஜந்தாவைக் கண்டார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் முன் இருந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். ரவிவர்மா வளர்ந்த அதே கேரள மண்ணில், அவர் விட்டு நீங்கிய சுவரோவிய மரபை, வடக்கிலிருந்து வந்த அரை ஐரோப்பியப் பெண் தேடிச் சென்றது சிந்தனைக்குரியது. அப்பயணத்தின்போது ஹைதராபாத்தின் நவாப் சாலார் ஜங் அவருடைய படங்களை வாங்காது திருப்பினார். மைசூர் மகாராஜா ரவிவர்மாவின் படங்களே போதுமென்றார். வாங்குவோரின் கண் எந்த மேற்பரப்புக்குப் பழகியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிம்லா திரும்பியபின் 1937இல் தீட்டிய 'மணமகளின் ஒப்பனை' இப்பயணத்தின் பயன். நடுவே அரைகுறை உடையில் மணப்பெண். கைகளிற் செஞ்சாயம். சுற்றிலும் அவளை அலங்கரிக்கும் பெண்கள். ஒப்பனை என்பது ரவிவர்மா தொடங்கிய இடம். கூந்தலில் மலர் சூடும் பெண்ணை அவர் 1873இலேயே தீட்டினார். அங்கே அலங்காரம் பெண்ணின் இன்பம். இங்கே அது அவளுக்குப் பிறர் செய்யும் சடங்கு. அவளது முகத்தில் மகிழ்ச்சியின் சாயலும் இல்லை. நிறம் சுவரோவியத்தின் உலர்ந்த தன்மையை அடைந்து, எண்ணெயின் பளபளப்பு அடங்கிவிட்டது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் மணப்பெண் வெளிறிய மேனியள், ஏவல் செய்வோர் கரிய மேனியர் என்ற ஒழுங்கு இங்கும் தொடர்வதை மறைத்தல் நேர்மையாகாது. வெண்மைக்கும் கருமைக்கும் இடையேயுள்ள முரணை ஓவியத் தேவை என்று நியாயப்படுத்துவோர், அதே முரணை ரவிவர்மாவின் படங்களிற் காணும்போது மட்டும் சாதியுணர்வு என்று கண்டிக்கின்றனர். அளவுகோல் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

இவ்வளவுகோலை வைத்து இருவரையும் அருகருகே நிறுத்தத்தக்க இரு படங்கள் உள்ளன. ஒன்று ரவிவர்மா 1902இல் தீட்டிய சாய்ந்திருக்கும் நாயர் மாது. மற்றது ஷேர்கில் 1940இல் தீட்டிய கட்டிலில் ஓய்ந்திருக்கும் பெண். இரண்டிலும் ஒருத்தி சாய்ந்திருக்கிறாள். இரண்டிலும் ஏவற்பெண் உண்டு.

ரவிவர்மாவின் மாதுக்கு முன்னால் விரித்த நூல் ஒன்று உள்ளது. கல்வி கற்ற புதிய நாயர் பெண் என்று அவளைக் கொள்ளலாம்; சந்துமேனனின் 'இந்துலேகா' நாவல் வெளிவந்து பதின்மூன்றாண்டுகள் கழிந்த காலம் அது. ஆனால் நூலின்மீது அவள் கண் இல்லை. வெண்ணாடையின் கரை, மேனியின் மென்மை, தரைவிரிப்பின் இழை யாவும் அவர் கைவந்த பழைய வித்தையால் ஒளிர்கின்றன. பின்னே நிற்கும் கரிய பணிப்பெண் நிழலோடு நிழலாகி, முன்னிருப்பவளின் வெண்மையை எடுத்துக்காட்டும் பணியை மட்டும் செய்கிறாள். பார்ப்பவருக்காகவே எல்லாம் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. நூலும் ஓர் அணிகலன் ஆகிவிட்டது.

ஷேர்கிலின் படம் பிறந்த சூழல் வேறு. 1938இல் ஹங்கேரியில் மணம்புரிந்து, மறு ஆண்டு திரும்பி, கோரக்பூரை அடுத்த சராயாவில் உறவினரின் பெரும் பண்ணையில் அவர் வாழ்ந்தார். அங்கு பிரபு குடும்பத்துப் பெண்களின் நாட்கள் எவ்வாறு கழிகின்றன என்பதை அவர் வாயிலிலிருந்து காணவில்லை. உள்ளிருந்து கண்டார். முகலாய, பஹாரி சிற்றோவியங்களிலிருந்து கற்ற சூடான செந்நிறங்கள் இப்போது அவர் கித்தானில் நிறைந்தன. கட்டிலிற் கிடப்பவளின் உடை சிவப்பு. அருகில் விசிறியோடு ஒருத்தி. வெயிற்காலப் பிற்பகலின் புழுக்கத்தை இச்சிவப்பு உணர்த்துமளவுக்கு எந்தச் சூரியனும் உணர்த்தாது. கிடப்பவள் எவருக்காகவும் கிடக்கவில்லை. அவளது உடலில் ஆசையும் சலிப்பும் கலந்துள்ளன. அவை இரண்டும் அவளுக்கே உரியன. மலைநாட்டுப் பெண்களைத் தீட்டுகையில் அவர் கையில் இறுகிப்போன நிறம் இங்கு மீண்டும் நெகிழ்கின்றது. தாம் அறிந்த பெண்களிடம் வந்தபோது ரவிவர்மாவின் தூரிகைக்கு நேர்ந்தது போன்றதே ஷேர்கிலின் தூரிகைக்கும் நேர்ந்துள்ளது. ஆனால் அவர் தம் படத்துக்கு அப்பாவை அழைக்கவில்லை.

ஒப்பியல் செய்பவர்கள் ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்துதல் வழக்கம். தூரிகைத் திறனை மட்டும் கொண்டு நோக்கின் ரவிவர்மாவுக்கு நிகரானவர் அவர் காலத்து இந்தியாவில் இல்லை. மேனியை இழைப்பதில் ஷேர்கில் அவரை எட்ட முயலவுமில்லை. ஆனால் பெண்ணுருவத்தில் தைலவர்ணம் எதைச் சொல்லலாம் என்ற எல்லையை விரித்தவர் ஷேர்கிலே. இருபத்தெட்டு வயதில், 1941 டிசம்பரில், லாகூரில் அவர் மறைந்தமையால் அவ்வெல்லை மேலும் எவ்வளவு விரிந்திருக்கும் என்று ஊகித்துப் பயனில்லை.

இலங்கை மாணவர்களுக்கு இதில் ஒரு நடைமுறை இடர்ப்பாடு உண்டு. இருவரது படைப்புகளும் இந்திய அரசினாற் கலைச் செல்வங்களாக 1970களில் அறிவிக்கப்பட்டவை; நாட்டை விட்டு விற்கப்பட முடியாதவை. ரவிவர்மாவைக் காணத் திருவனந்தபுரத்துக்கும் மைசூருக்கும் பரோடாவுக்கும், ஷேர்கிலைக் காணப் புதுதில்லி நவீன ஓவியக் கூடத்துக்கும் செல்ல வேண்டும். உள்நாட்டு ஏலத்துக்கு வரும் சிலவும் எட்டாத உயரத்தில் உள்ளன. 1937இல் ஷேர்கில் தீட்டிய 'கதைசொல்லி' 2023இல் 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்டது. இந்திய ஓவியமொன்று ஏலத்தில் அதுவரை பெற்றவற்றுள் அதுவே உச்சவிலை. நவாபு திருப்பியனுப்பிய கையின் படைப்பு அது.

ஆகவே இங்குள்ளோர் காண்பது அச்சுப் பிரதிகளையே. வழவழப்பான தாளில் இருவரது பூச்சும் ஒரே வழவழப்பை அடைந்துவிடுகின்றது. ரவிவர்மாவுக்கு அதனால் நட்டம் குறைவு. அவரது மேற்பரப்பு தாளுக்கு இணங்கிப் போகும். பாரிஸ் மாதிரிப் பெண்ணின் தோளில் இழைக்கப்படாமல் நிற்கும் பச்சையும் சாம்பலும் தாளிலே வெறும் அழுக்காகத் தெரிகின்றன. நூலகத்துப் பிரதியை வெளிச்சத்திற் சாய்த்துப் பிடித்தாலும் தூரிகைத் தடம் எழுவதில்லை. தாளின் பளபளப்பு மட்டுமே எழுகின்றது.